கணக்கு ஒப்புவித்தலும் பொது அறமும்

1. பொருளும் எல்லையும்

ஒரு நாட்டின் அரசிலும் சமூகத்திலும் நேர்மை தழைப்பதற்கு நல்லவர்களைத் தேர்ந்து பதவியில் அமர்த்தினால் போதும் என்பாரும், தவறு செய்தவர்களைக் கடுமையாகத் தண்டித்தால் போதும் என்பாரும் உளர். இரண்டும் தேவையானவையே. எனினும், பொதுப்பணத்தின் கணக்கு அப்பணத்துக்கு உரிய மக்களின் முன்னிலையில், அவர்களுக்கு விளங்கும் மொழியில், அவர்கள் மறுத்துப் பேசக்கூடிய வகையில் ஒப்புவிக்கப்படாத வரை இவ்விரண்டும் நிலைத்த பயன் தருவதில்லை என்பதே இவ்வுரை நிறுவ முற்படும் கருத்து. பொது வாழ்வின் நேர்மை என்று இங்குக் குறிக்கப்படுவது ஒருவரது தனிப்பட்ட நற்குணம் மட்டுமன்று. எழுதிய கணக்கும் நடந்த செயலும் ஒன்றோடொன்று பொருந்தி நிற்பதும், அப்பொருத்தத்தை எவரும் சோதித்துப் பார்க்க இயல்வதும் ஆகும்.

2. மேலிருந்து வந்த முயற்சிகள்

விடுதலை பெற்ற இந்தியா இச்சிக்கலைத் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தது. தமிழகத்தைச் சேர்ந்த கே. சந்தானம் தலைமையில் 1962-இல் அமைக்கப்பட்ட ஊழல் தடுப்புக் குழுவின் பரிந்துரைப்படி, அரசு அலுவலர்களின் நடத்தையைக் கண்காணிக்கும் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 1964-இல் தோன்றியது. ஆனால் அதற்கென நாடாளுமன்றச் சட்டம் வந்தது 2003-இல்தான். உயர் பதவியினர் மீதான புகார்களை விசாரிக்கும் லோக்பால் அமைப்புக்கான முதல் மசோதா 1968-இல் வந்தது. சட்டம் 2013-இல் நிறைவேறி, முதல் தலைவர் 2019-இல்தான் நியமிக்கப்பட்டார். இந்தக் காலத்தாழ்வைவிட ஆழமான குறை ஒன்று உண்டு. இவ்வமைப்புகள் பெரும்பாலும் புகார் வந்த பின்னரே இயங்குபவை. ஆனால் எந்தக் கணக்கில் தம் பெயர் எழுதப்பட்டது என்பதையே அறியாத ஒரு கூலித் தொழிலாளி எதை வைத்துப் புகார் எழுதுவார்?

3. ராஜஸ்தான் காட்டிய வழி

இக்கேள்விக்கு விடை ராஜஸ்தானின் வறண்ட சிற்றூர்களிலிருந்து வந்தது. வறட்சி நிவாரணப் பணிகளில் மண் சுமந்தவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி மறுக்கப்பட்டது. அளவுப் புத்தகத்தில், அதாவது முடிந்த வேலையை அளந்து பொறியாளர் பதியும் ஏட்டில், வேலை குறைவாகவே உள்ளது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அந்த ஏட்டைக் காட்டுமாறு கேட்டபோது அது ரகசியம் என்ற பதிலே கிடைத்தது. இந்திய ஆட்சிப் பணியைத் துறந்து வந்த அருணா ராய் உள்ளிட்டோர் 1990-இல் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்னும் தொழிலாளர், உழவர் அமைப்பு, 1994 டிசம்பரில் கோட் கிரானா என்னும் ஊரில் முதல் மக்கள் விசாரணையை நடத்தியது.

அங்குக் கையாளப்பட்ட முறை மிக எளியது. யார், எத்தனை நாள் வேலை செய்து, எவ்வளவு கூலி பெற்றார் என்பதைக் காட்டும் வருகைப் பட்டியலும், பொருள் வாங்கிய ரசீதுகளும் ஊரார் நடுவே உரக்க வாசிக்கப்பட்டன. அந்நாளில் தாம் வேலைக்கே செல்லவில்லை என்று பெயருக்கு உரியவர் எழுந்து சொன்னால் அப்பட்டியலின் பொய் அங்கேயே வெளிப்படும்; கட்டி முடிந்ததாக ரசீது சொல்லும் கட்டடம் அரைகுறையாக நிற்பதைக் காட்ட வல்லுநர் எவரும் தேவையில்லை. தணிக்கை அலுவலர் ரசீதை ரசீதோடு ஒப்பிடுவார். ஊராரோ ரசீதை ஊரோடு ஒப்பிட்டனர். சமூகத் தணிக்கை என்று பின்னாளில் பெயர் பெற்ற முறையின் அடிப்படை இதுவே. 1996-இல் பியாவர் நகரில் இவ்வமைப்பு நாற்பது நாள் நடத்திய தர்ணா, ஆவணங்களின் நகலைப் பெறும் உரிமையை நாடு தழுவிய கோரிக்கையாக வளர்த்தது.

4. தமிழகத்தின் தொடர்பு

தகவல் உரிமைக்கு இந்தியாவில் முதன்முதலாகச் சட்டம் இயற்றிய மாநிலம் தமிழ்நாடு என்பதும், 1997-இல் வந்த அச்சட்டத்தில் விலக்குகள் மிகுந்திருந்தமையால் பயன் குறைவாகவே இருந்தது என்பதும் சேர்த்தே நினைக்கத்தக்கவை. இதற்கும் முன்னோடியாக, சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், ஊர்ச் சபையின் வாரியம் என்னும் குழுவில் இருந்து கணக்குக் காட்டாது போனவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் குடவோலை என்னும் சீட்டெடுப்புத் தேர்வுக்குத் தகுதியற்றவர் என விதித்தன. அச்சபை பிராமணக் குடியிருப்பின் சபை என்பதையும், நிலமும் வேதக் கல்வியும் உடைய ஆடவருக்கே அதில் இடமிருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. கணக்குக் காட்டாதவருக்குப் பதவி இல்லை என்ற அவ்விதியை ஏற்று, கணக்குக் கேட்கும் உரிமையை அனைவருக்கும் விரிப்பதே மக்களாட்சியின் கடமை.

5. சட்டமும் அதன் வலுவின்மையும்

2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், உரிய கட்டணத்துடன் விண்ணப்பித்தவருக்கு 30 நாளில் தகவல் தரவும், தக்க காரணமின்றித் தாமதித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை தண்டம் விதிக்கவும் வகைசெய்தது. அதே ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், திட்டப் பணிகளைச் சமூகத் தணிக்கை செய்யும் பொறுப்பைக் கிராம சபையிடம் அளித்தது. கட்சிகளுக்குப் பெயர் வெளியிடாமல் நன்கொடை தர வழிசெய்த தேர்தல் பத்திரத் திட்டத்தை 2024 பிப்ரவரியில் நீக்கிய உச்ச நீதிமன்றம், கட்சிகளுக்குப் பணம் தருவோர் யார் என்பதை அறிவதும் வாக்காளரின் உரிமை என்று உறுதிப்படுத்தியது.

ஆயினும் கேள்வி கேட்பவரைக் காக்கும் ஏற்பாடு நலிந்தே உள்ளது. தேசிய நெடுஞ்சாலைப் பணியில் நடந்த முறைகேடுகளைத் தம் பெயரை வெளியிட வேண்டாம் என்ற வேண்டுகோளுடன் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதிய பொறியாளர் சத்தியேந்திர துபே, 2003 நவம்பரில் கயா நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். முறைகேட்டை வெளிப்படுத்துவோரைக் காக்கும் சட்டம் 2014-இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றும், பத்தாண்டு கடந்த பின்னும் நடைமுறைக்கு வரவில்லை. நேர்மையானவர் அஞ்சி வாழும் நாட்டில் நேர்மையைப் பாடநூல்களால் வளர்க்க முடியாது.

6. முடிவுரை

அரசிடம் கணக்குக் கேட்கும் சமூகம் தன் கணக்கையும் திறந்து வைக்கக் கடமைப்பட்டது. கோயில் திருப்பணிக் குழு, கூட்டுறவுச் சங்கம், கல்வி அறக்கட்டளை, அரசியல் கட்சி ஆகிய அனைத்துக்கும் இவ்விதி பொருந்தும். வாக்குக்குப் பணம் பெற்றவர் தேர்ந்தெடுத்தவரிடம் கணக்குக் கேட்கும் தகுதியைத் தாமே விட்டுக்கொடுக்கிறார். முறைகேட்டை வெளிப்படுத்துவோரைக் காக்கும் சட்டத்தைத் தாமதமின்றி நடைமுறைப்படுத்துவது ஒன்றிய அரசின் பொறுப்பு. கிராம சபை கூடும் நாளில் தவறாது சென்று அமர்ந்து, தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்திடுவதற்கு முன் வரவு செலவுக் கணக்கை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்பது ஒவ்வொரு குடிமகனின், குடிமகளின் பொறுப்பு.