சுவரில் தங்கிய மருந்து
(ஏற்காட்டில் ஆதரவாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சேர்வராயன் மலையின் குளிரில் அமர்ந்துகொண்டு கொசுவைப் பற்றிப் பேசுவானேன் என்று நீங்கள் எண்ணலாம். ஆனால் மலைச்சரிவுகளில் தெளிந்து மெதுவாக ஓடும் ஓடைகளில் வளர்ந்து மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸ் கொசு இனம் ஒன்று உண்டு. தென்னிந்திய மலைத்தோட்டங்களில் உழைத்த எத்தனையோ குடும்பங்களைக் குளிர்காய்ச்சல் வாட்டியிருக்கிறது. அந்த நோயை எதிர்த்து நின்றவர்களில் மருத்துவரை நாம் நினைக்கிறோம்; பொறியாளரை மறந்துவிடுகிறோம்.

1934-இல் மேட்டூர் அணை முடிந்தது. பட்டுக்கோட்டைப் பகுதிக்குக் கால்வாயில் தண்ணீர் வந்தது; கூடவே மலேரியாவும் வந்தது. ராக்ஃபெல்லர் நிறுவனத்தைச் சேர்ந்த டாக்டர் பால் ரசல் அங்கே ஆய்வு நடத்தினார். அவரோடு உழைத்த பொறியாளர் எஃப். டபிள்யூ. நைப். வீட்டுக்குள் இருக்கும் கொசுக்களைப் பைரித்ரம் மருந்து தெளித்துக் கொல்லும் முறையை இருவரும் சோதித்தார்கள். முதல் பருவத்தின் பலனை 1939-இல் வெளியிட்டார்கள். பைரித்ரம் ஒரு பூவிலிருந்து எடுப்பது. மேலே பட்ட கொசு சாகும். ஆனால் மருந்தின் வீரியம் சீக்கிரமே போய்விடும். ஆகவே திரும்பத் திரும்பத் தெளிக்க வேண்டியிருந்தது.

அதே 1939-இல் சுவிட்சர்லாந்தில் பால் முல்லர், டி.டி.டி. பூச்சிகளைக் கொல்லும் என்று கண்டார். 1944-இல் இத்தாலியின் காஸ்டல் வோல்டூர்னோவில் வீட்டு உட்சுவர்களில் டி.டி.டி. தெளித்துச் சோதித்த குழுவில் நைப்பும் இருந்தார். இந்த மருந்து மாதக்கணக்கில் சுவரில் தங்கியது. இரத்தம் குடித்த கொசு பாரம் தாங்காமல் சுவரில் உட்காரும். அதன் உடலில் மலேரியாக் கிருமி முதிரப் பத்து நாளுக்கு மேல் ஆகும். அதற்குள் கொசு செத்தால் அடுத்த வீட்டுக் குழந்தை தப்பும். நுட்பம் இவ்வளவுதான்.

ஆனால் இது கைத்திறமையைப் பொறுத்தது. சுவரின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 1 கிராம் டி.டி.டி. படிய வேண்டும். தெளிப்புமுனையைச் சுவரிலிருந்து 45 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, ஒரே வேகத்தில் நடக்க வேண்டும். முனையின் துளை தேய்ந்தால் மருந்து வீணாகும். அடைத்தால் சுவரில் இடைவெளி விழும். தூள் அடியில் தங்காமல் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

சுதந்திர காலத்தில் இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 7.5 கோடிப் பேருக்கு மலேரியா என்றும், 8 லட்சம் பேர் இறந்தார்கள் என்றும் மதிப்பிட்டார்கள். 1953-இல் தேசியத் திட்டம் தொடங்கியது. 1965-இல் நோயாளிகள் சுமார் 1 லட்சமாகக் குறைந்தார்கள். பிறகு கொசு மருந்துக்குப் பழகியது, கவனமும் தளர்ந்தது. 1976-இல் 64 லட்சமாக ஏறியது. டி.டி.டி. மண்ணிலும் உயிர்களிலும் தங்கிவிடும் என்பதும் தெரியவந்தது. விவசாயத்தில் அதற்குத் தடை வந்தது. மருந்து மட்டும் போதாது என்று கற்றோம்.

இன்று 2030-க்குள் மலேரியாவை ஒழிப்பது நம் நாட்டின் இலக்கு. டெங்குக் கொசுவோ பகலில் கடிக்கும். வீட்டுத் தொட்டியிலும் டிரம்மிலும் வளரும். அதற்குச் சுவர் மருந்து அவ்வளவாக உதவாது. வாரம் ஒருமுறை பாத்திரத்தைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவி, மூடி வைப்பதே வழி.

ஆகவே உங்களை இரண்டு காரியம் கேட்கிறோம். மருந்து தெளிக்கும் ஊழியர் வந்தால் சாமான்களை ஒதுக்கிக் கதவைத் திறந்துவிடுங்கள்; தெளித்த சுவரில் உடனே சுண்ணாம்போ சாணமோ பூசாதீர்கள். உதவி செய்யும்போது கட்டிலையும் மாத்திரையையும் மட்டும் நினைக்காமல், தேய்ந்த தெளிப்புமுனையை மாற்றும் சிறு செலவையும் நினையுங்கள். காய்ச்சலே வராத குழந்தையின் பெயர் எந்த மருத்துவமனைப் பதிவேட்டிலும் இராது. அந்தக் குழந்தைக்காகவும் நாம் கொடுக்கிறோம்.