ஒயரும் காதும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"நீ இன்ஜினியர்தானே, ஸ்பீக்கர் ஒயரை மாத்தினா சத்தம் நல்லா வருமா?" என்று பலர் என்னிடம் கேட்பதுண்டு. வரும் என்பதும் சரி, வராது என்பதும் சரி. விளக்குகிறேன்.

என் அப்பா விக்கிரமசிங்கபுரத்தில் ரேடியோ செட் வைத்திருந்தவர். பாபநாசம் சித்திரை விசுத் திருவிழாவுக்குக் குழாய் கட்டும்போது, "ஒயர்ல மிச்சம் பிடிக்காதல, சத்தம் வழியிலேயே செத்துப்போகும்" என்பார். கணக்கும் அதையேதான் சொல்கிறது. 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியை 100 மீட்டர் இழுத்தால், போக வர 200 மீட்டர். மின்தடை சுமார் 3.4 ஓம். முனையில் 8 ஓம் ஸ்பீக்கர் இருந்தால், பக்கத்தில் வைத்தால் கிடைக்கும் திறனில் பாதிதான் அதற்குப் போய்ச் சேரும். இதற்காகத்தான் 100 வோல்ட் லைன் வந்தது. அதில் 10 வாட் குழாய் 1000 ஓம் போல நிற்கும், அங்கே 3.4 ஓம் ஒரு பொருட்டே இல்லை.

வீட்டிலோ ஒயர் 3 மீட்டர்தான். தடை 0.1 ஓம், குறைவது சுமார் 0.1 டெசிபல். பாட்டுக் கேட்கும் எந்தக் காதுக்கும் அது எட்டாது. 2007-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் ராண்டி, 7,000 டாலருக்கு மேல் விலை சொன்ன ஒயரை மற்ற ஒயரிலிருந்து காதால் பிரித்துக் காட்டினால் 10 லட்சம் டாலர் தருவதாகச் சொன்னார். பேச்சு நடந்தது, சோதனை நடக்கவே இல்லை.

இதெல்லாம் தெரிந்த நானும் ஏமாந்தேன். அப்பாவுக்குக் காருகுறிச்சி அருணாசலம் நாதஸ்வரம் என்றால் உயிர். ஒருநாள், "நாயனமும் தவிலும் கேக்கு, தாளத்தைக் காணுமேல" என்றார். ஒயர்தான் கோளாறு என்று நினைத்து 12,000 ரூபாய்க்கு ஒயர் வாங்கினேன். மாட்டியதும் எனக்கே சத்தம் தெளிவாகக் கேட்ட மாதிரி இருந்தது!

தம்பிதான் சந்தேகப்பட்டான். எங்கள் இருவரையும் சுவரைப் பார்த்து உட்காரவைத்து, காசைச் சுண்டி, பூ விழுந்தால் புது ஒயர், தலை விழுந்தால் பழைய ஒயர் என்று 10 தடவை போட்டான். நான் சரியாகச் சொன்னது 6, அப்பா 5. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் அவ்வளவு வரும். ஆனால் ஒன்று தெரிந்தது. தாளம் எனக்கு இரண்டு ஒயரிலும் கேட்டது. அப்பாவுக்கு இரண்டிலும் கேட்கவில்லை.

திருநெல்வேலியில் காது பரிசோதனை செய்தோம். 4000 ஹெர்ட்ஸுக்கு மேல் அப்பாவுக்குச் செவித்திறன் வெகுவாகக் குறைந்திருந்தது. முப்பது வருஷம் குழாய்க்குக் கீழே நின்ற காது அல்லவா? போனது திரும்பாது. கருவி வைத்துக்கொண்டார். முதல் நாள் அதே ரிக்கார்டைப் போட்டேன். "தாளம் வருதுல" என்றார், அவ்வளவுதான். அந்த ஒயர் இப்போது பரணில் கிடக்கிறது.

தம்பி தங்கைகளே, இரண்டு சொல்லி முடிக்கிறேன். வித்தியாசம் தெரிகிறது என்று யார் சொன்னாலும், நீங்களே சொன்னாலும், பார்க்காமல் சோதித்துப் பாருங்கள். 85 டெசிபலுக்கு மேல் தினம் எட்டு மணி நேரம் காது தாங்காது. ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நிற்காதீர்கள். ஒயரை மாற்றலாம், காதை மாற்ற முடியாது.