ஐம்பதிலும் வளையும்



‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?’ என்பது பழமொழி. மக்களோடு வாழ வேற்று மொழி வழங்கும் ஊருக்குக் குடிபெயர்ந்த என் வயதினர் பலர், இதனையே காரணங்காட்டி அண்டை வீட்டாரோடும் பேசாது நாள் கழிப்பதைக் காண்கிறேன். இப்பழமொழி மொழிக் கல்விக்கு எவ்வளவு பொருந்தும் என்று பார்ப்போம்.

ஒலியைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் உண்மையே. 1984-இல் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்னும் ஆராய்ச்சியாளர் கனடாவில் தாம் கண்டதை வெளியிட்டனர். நம் தகர டகரங்களை ஒத்த இரண்டு இந்தி ஒலிகளை, ஆங்கிலம் பேசும் இல்லங்களில் வளர்ந்த 6 முதல் 8 திங்கள் வரையுள்ள குழந்தைகள் பிரித்துணர்ந்தன. ஓராண்டு நிறையும் தறுவாயில் அத்திறன் பெரிதும் குன்றிவிட்டது. வீட்டு மொழிக்கு வேண்டிய வேற்றுமைகளை மட்டும் செவி போற்றிக்கொள்கிறது.

ஆனால், மொழி ஒலி மட்டுமன்று. ஆலந்து நாட்டில் குடியேறி டச்சு மொழி கற்ற ஆங்கிலம் பேசுவோரைப் பற்றிய ஆய்வு ஒன்று 1978-இல் வெளிவந்தது. தொடக்கத் திங்கள்களில் விரைந்து முன்னேறியவர்கள் வளர்ந்த சிறாரும் பெரியவர்களுமே. 3 முதல் 5 வயதுச் சிறுவர் பின்தங்கினர். இது வியப்பன்று. காலம், எண், காரணம் முதலியவற்றைப் பெரியவர் முன்பே அறிந்தவர். அவருக்கு வேண்டுவன புதிய சொற்களே. குழந்தையோ உலகையும் சொல்லையும் ஒருங்கே கற்க வேண்டும்.

பின், குழந்தை வெல்வது எதனால்? பட்ரீசியா கூல் என்பாரும் அவர் குழுவினரும் 2003-இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒரு குறிப்புத் தருகிறது. சீன மொழியை ஒருவர் நேரில் பேசக் கேட்ட 9 திங்கள் அமெரிக்கக் குழந்தைகள் அதன் ஒலிகளைக் கற்றன. தொலைக்காட்சியில் கேட்டவை கற்கவில்லை. குழந்தைக்கு ஆசான் மனித முகம். நாள் முழுதும் அதனோடு பேச ஆள் உண்டு. அதன் மழலையை எவரும் எள்ளுவதில்லை. பெரியவரோ இலக்கண நூலுடன் தனித்து அமர்கிறார். பிழை நேருமென்று வாய் திறக்க நாணுகிறார்.

நான் இப்போது கன்னடம் கற்று வருகிறேன். நம் ககரம் ஒன்றுக்கு அங்கே நான்கு எழுத்துக்கள். அவ்வொலிகள் என் நாவில் முற்றும் படியவில்லை. எனினும், பால்காரர் என் பேச்சைப் புரிந்துகொண்டு மறுமொழி கூறுகிறார். எனக்கு அது போதும்.

குழந்தையின் செவி நமக்கு மீளாது. அதன் நாணமின்மையை நாம் கைக்கொள்ளலாம். நாளை காலை அண்டை வீட்டாரிடம் அவர் மொழியில் ஒரு சொல் பேசிப் பாருங்கள்.