கட்டிடப் பொருள் வாணிகமும் தர ஒழுங்கும்



வீடு கட்டுவோர் தம் வாழ்நாட் சேமிப்பைச் சிமெண்டிலும் கம்பியிலும் இடுகின்றனர். பொருளிலுள்ள குறையோ அன்றே புலப்படுவதில்லை. கான்கிரீட்டின் வலிமையை உறுதிசெய்யும் சோதனை 28-ஆம் நாளில்தான் நிகழ்கிறது. அதற்குள் தூண் எழுந்து, வேலை மேலே சென்றிருக்கும். ஆதலின் தரத்தைக் காக்கும் பணி, பொருளை விற்கும் கிடங்கிலேயே தொடங்கவேண்டும்.

தர ஒழுங்குமுறைக்கென ஐ.எஸ்.ஓ. 9001 என்னும் பன்னாட்டுத் தரநிலை 1987-ல் முதன்முதலாக வெளிவந்தது. அதனைக் கேள்வியுற்ற வணிகர் சிலர், பெரிய ஆலையொன்றின் கையேட்டை வாங்கிப் பெயரை மட்டும் மாற்றி வைத்துக்கொள்கின்றனர். பிறர் அளவுக்குத் தைத்த சட்டை நமக்குப் பொருந்துமா? 2015-ல் வந்த திருத்தப் பதிப்பு, தரக் கையேடு கட்டாயம் என்னும் விதியையே நீக்கிவிட்டது. நம் தொழிலில் பிழை எவ்வழியாக நுழைகிறது என்று காண்பதே முதல் வேலை.

சிமெண்டிற்கும் கம்பிக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரை சட்டப்படி கட்டாயம். ஆயினும் முத்திரை பெற்ற சிமெண்டும் ஈரத்தாலும் காலத்தாலும் கெடும். மூட்டையில் அது நிரப்பப்பட்ட வாரமும் ஆண்டும் அச்சிடப்பட்டிருக்கும்; முன் வந்தது முன் செல்லவேண்டும். விற்பவரிடம் மூன்று மாதங்களுக்கு மேல் தங்கியதை மறுசோதனை செய்தல் நன்று. பலகைமீது, பத்து மூட்டை உயரத்திற்கு மேற்படாமல் அடுக்கவேண்டும். மணல் சற்றே ஈரமானாலும் உப்பி, காற்பங்கு வரையில் மிகுந்து தோன்றும்; லாரி அளவை மட்டும் நம்பினால் வழக்கு எழும். அதிலுள்ள வண்டலைக் கண்ணாடிக் குடுவையில் நீருடன் குலுக்கித் தெளியவைத்து அறியலாம். கம்பிக் கட்டின் தகட்டிலுள்ள எண்ணும், ஆலைச் சான்றிதழிலுள்ள எண்ணும் ஒத்திருக்கவேண்டும்.

இவற்றிற்கு மூன்று ஏடுகள் போதும்: வரவேடு, சோதனையேடு, எச்சரக்கு எவ்வேலையிடம் சென்றது என்னும் செலவேடு. ஒரு மூட்டையில் குறை காணின், அதே சரக்கு சென்ற ஏனைய இடங்களுக்கு அன்றே செய்தி அனுப்ப இயலுமா? இயலாதெனின், சுவரில் சான்றிதழ் தொங்கியும் பயனில்லை.

வெளிமாநிலங்களில் தொழில் நடத்தும் நமக்கு மற்றொன்றும் உண்டு. முதலாளி தமிழராயிருப்பார்; கிடங்குக் கணக்கர் மராத்தியராயிருப்பார்; சுமை இறக்குவோர் பீகாரிலிருந்து வந்திருப்பர். ஆங்கிலத்தில் எழுதிய விதி அலமாரியில் உறங்கும். சரக்கை இறக்குவோர் படிக்கும் மொழியில் விதி இருக்கவேண்டும். படிப்பறியாதோர்க்கு வண்ணம் உதவும்: சோதனை முடியாத குவியலுக்குச் சிவப்புப் பலகை, முடிந்ததற்குப் பச்சை.

இவ்வளவும் செய்து, ஒன்றை விட்டுவிடலாகாது. குறையுள்ள சரக்கை வாயிலிலேயே திருப்பியனுப்பும் அதிகாரத்தைக் கிடங்குக் கணக்கருக்கு அளிக்கவேண்டும். லாரி காத்திருக்கிறது, வாடிக்கைக்காரர் அவசரப்படுகிறார் என்று அவர் சொல்லை நாம் ஒருமுறை மீறினால், மறுமுறை அவர் வாய் திறவார். அன்றுமுதல் ஏடுகளில் எழுத்து இருக்கும், தரம் இராது. அவர் சொல்லுக்கு நாம் செவிசாய்க்கும்வரை, முகமறியாத ஒரு குடும்பத்தின் கூரை காக்கப்படுகிறது.