பதினாறு நிமிட இருட்டு

நான் அம்பாசமுத்திரத்துக்காரன். காட்டுயிர்ப் படம் எடுப்பது எனக்குப் பிழைப்பில்லை, ஞாயிற்றுக்கிழமைப் பித்து. பரிசு வாங்கிய படங்கள், பத்திரிகையில் வந்த படங்கள் பற்றி வானொலியில் பேசச் சொன்னார்கள். எனக்கோ ஒரே ஒரு படத்தின் மேல்தான் கண்.

அதற்கு முன் நம்ம ஊர்ப் பெரியவருக்கு ஒரு கும்பிடு. காட்டுயிர்ப் படக் கலைஞர் மா. கிருஷ்ணன் 1912-ல் திருநெல்வேலியில் பிறந்தவர், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். பல பாகங்களைச் சேர்த்துத் தாமே பூட்டிய கேமராவுக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பேர் வைத்திருந்தார். யானைகளைக் கறுப்பு வெள்ளையிலேயே எடுத்தார். அவரைப் பேச ஆரம்பித்தால் பொழுது போதாது, விட்டுவிடுகிறேன்.

நான் சொல்ல வந்த படம் ஸ்ரீராம் முரளி எடுத்தது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் காட்டுயிர்ப் புகைப்படப் போட்டியில் 2023-ல் சிறப்புப் பாராட்டு பெற்றது. வந்து குவிந்த படங்கள் ஏறத்தாழ 50,000. இவர் அனுப்பியதில் புலியுமில்லை, யானையுமில்லை. தம் ஊருக்குப் பக்கத்திலுள்ள ஆனைமலைக் காட்டின் மின்மினிகள்!

ஒவ்வொன்றும் 19 விநாடி வீதம் 50 படங்கள். கூட்டிப் பாருங்கள், கிட்டத்தட்ட 16 நிமிடம். ஷட்டரை ஒரேயடியாக அவ்வளவு நேரம் திறந்து வைத்தால் வானம் வெளுத்துவிடும், நட்சத்திரம் கோடாக இழுபடும். அதனால்தான் துண்டு துண்டாக எடுத்து ஒன்றாக அடுக்கினார். அந்தி சாய்ந்ததும் ஒன்றிரண்டு மின்னும். நேரம் ஆக ஆகக் காடு முழுக்க ஒளி ஒரே தாளத்தில் அலையலையாக ஓடும். மின்மினி, பூச்சிகளில் வண்டினம். ஒளிதான் அதற்குத் துணை தேடும் பேச்சு.

சிரிக்காதீர்கள், நானும் முயன்றேன். ஒரு ஜூன் மாதம், எங்கள் ஊர் நதியுண்ணிக் கால்வாய்க் கரையில், மருத மரத்தடியில் ட்ரைபாடை நட்டு உட்கார்ந்தேன். முதல் அரை மணி கொசுவுக்கு. அப்புறம் ஒன்று, மூன்று, பத்து என்று மின்ன ஆரம்பித்தன. ஏழாவது படம் ஓடும்போது முகத்தில் டார்ச் அடித்தது. “யாருல அது? இருட்டுக்குள்ள என்ன பண்ணுத?” வயக்காவல் பெரியவர். பாம்பு கடித்துவிடுமே என்று அவருக்குக் கவலை. டார்ச்சை அணைத்த பிறகும் மரத்தில் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. பேசிக்கொண்டிருந்த அத்தனையும் வாயை மூடிக்கொண்டன. இருவரும் பேசாமல் உட்கார்ந்தோம். வெகுநேரம் கழித்து ஒன்று மின்னியது. “சின்ன வயசுல மரம் பூராம் இருக்கும்” என்றார் பெரியவர், ரகசியம் போல.

என் படம் எந்தப் போட்டியிலும் தேறவில்லை. ஆனால் ஸ்ரீராம் முரளி என்ன செய்தார் என்பது அன்றுதான் விளங்கியது. கேமரா கடையில் கிடைக்கும். பதினாறு நிமிட இருட்டு எந்தக் கடையில் கிடைக்கும்?

மணி காட்டுகிறார்கள், முடிக்கிறேன். தூரத்துக் காடு வேண்டாம், சொந்த ஊரே போதும், பொறுமை வேண்டும்; இவ்வளவுதான் பாடம். கல்லிடைக்குறிச்சியிலோ பாபநாசத்திலோ ஒரு பிள்ளை அடுத்த படத்தை எடுக்கட்டும். அதுவரை, இன்று ராத்திரி பின்வாசல் விளக்கைக் கொஞ்ச நேரம் அணைத்து வையுங்கள். வானொலி கேட்க வெளிச்சம் எதற்கு?