கேட்டறிந்த பின் கட்டிய மருத்துவமனை

மகாராஷ்டிரத்தின் கிழக்குக் கோடியில் காடு அடர்ந்த கட்சிரோலி மாவட்டம் உள்ளது. கோண்டு பழங்குடி மக்கள் பெருமளவில் வாழும் பகுதி அது. மருத்துவத் தம்பதியரான அபய் பங், ராணி பங் இருவரும் 1986-இல் அங்குப் பணி தொடங்கியபோது, மருத்துவமனை இருந்தும் காட்டுக் கிராமத்தவர் அதை நாடத் தயங்குவதைக் கண்டனர். அறியாமை என எளிதில் ஒதுக்கிவிடக்கூடிய தயக்கம்தான். ஆயினும் அவர்கள் காரணத்தை அம்மக்களிடமே கேட்டனர்.

கிடைத்த விடைகள் சிந்திக்கத்தக்கவை. பெரிய கட்டடம் அச்சமூட்டுகிறது. மருத்துவரும் செவிலியரும் வெள்ளை உடுத்துகின்றனர். வெள்ளையோ பிணத்தின்மீது போர்த்தும் துணி. நோயாளியை உள்ளே கிடத்தி உறவினரை வெளியேற்றுகின்றனர். தெய்வம் இல்லாத இடத்தில் நோய் எவ்வாறு தீரும்?

தூய்மையின் அடையாளமெனச் செவிலியர் பெருமையுடன் அணிந்துவந்த நிறம் அங்கே சாவின் நிறமாக இருந்தது. இதை எந்தப் புள்ளிவிவரப் படிவம் காட்டியிருக்கும்? பின்னர் எழுந்த மருத்துவமனை பழங்குடிக் கிராமத்தின் சாயலில், உறவினர் உடன் தங்கத்தக்க குடில்களாக அமைந்தது. அம்மக்கள் வணங்கும் தந்தேசுவரி அன்னையின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது.

மரபை மதிப்பது வேறு, தீங்கான வழக்கத்திற்கும் தலையசைப்பது வேறு. சீம்பாலைப் பிழிந்து கொட்டும் பழக்கம் நாட்டின் பல பகுதிகளில் உண்டு. அதை மாற்றியே ஆக வேண்டும். ஆனால் மாற்றும்படி சொல்பவர் யார் என்பதில்தான் வெற்றி இருக்கிறது. கட்சிரோலியில் கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி தந்து, பச்சிளங்குழந்தைகளை வீட்டிலேயே பேணச் செய்தனர். மூன்றாம் ஆண்டில், பிற கிராமங்களோடு ஒப்பிட, அக்குழந்தைகளின் இறப்பு விகிதம் 62 விழுக்காடு குறைந்ததென 1999-இல் ‘லான்செட்’ இதழ் வெளியிட்டது. 2011-இல் இம்முறை ‘ஆஷா’ பணியாளர் வாயிலாக நாடு தழுவிய திட்டமாயிற்று. நீலகிரியின் கூடலூரில் 1990-இல் தொடங்கிய ஆதிவாசி மருத்துவமனை மேலும் ஒருபடி சென்றது. பழங்குடிப் பெண்களையே செவிலியராகப் பயிற்றுவித்தது. அங்கு நோயாளிக்கும் செவிலிக்கும் இடையே மொழிபெயர்ப்பாளர் வேண்டியதில்லை.

ஆயினும் எல்லாச் செவிலியரும் சொந்த ஊரில் பணியாற்ற இயலாது. மாற்றல் உத்தரவு மொழி பார்த்து வருவதில்லை. 2011 கணக்கெடுப்பின்படி கோண்டி பேசுவோர் 29 இலட்சத்திற்கும் மேற்பட்டோர். அம்மொழி எட்டாம் அட்டவணையில் இடம்பெறவில்லை. அத்தகைய பகுதிக்குச் செல்லும் செவிலி நூறு சொற்களையேனும் முன்னரே கற்றிருத்தல் வேண்டும்: வலி, காய்ச்சல், இரத்தப்போக்கு, பயப்படாதே. இதற்குப் பெரும் செலவில்லை. உள்ளூர் மூதாட்டி ஒருவரே ஆசிரியராகப் போதும். பேறுகால அறையில் துணைப்பெண் ஒருவரை அனுமதிக்கலாம் என 2016-இல் மத்திய சுகாதார அமைச்சகம் அறிவுறுத்தியது. அந்தத் துணை மாமியாரா, தாயா, ஊர் மருத்துவச்சியா என்பதைப் பிரசவிக்கும் பெண்ணிடமே, அவள் வலி முற்றுவதற்கு முன் கேட்டுக் குறித்துக்கொள்வது செவிலியின் வேலை.