ஸ்கேன் தாளில் "கிரேடு 3" என்று இருந்தால்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்பு வாங்கி நோட்டில் எழுதி முடிக்கிற நேரம். ஒரு அம்மா எழுந்து, "அவசரக் கடன் 30,000 ரூபாய் வேணும்"னு கேட்டாங்க. மகளுக்கு நிறைமாதம், 38 வாரம். ஸ்கேன் எடுத்த இடத்தில் "நஞ்சு முத்திப்போச்சு" என்று சொன்னார்களாம். உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் பிள்ளை தங்காது என்று அக்கம்பக்கத்தில் வேறு பயமுறுத்தியிருக்கிறார்கள். சொல்லும்போதே அந்த அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது.

தாளை வாங்கிப் பார்த்தோம். "பிளசென்டா கிரேடு 3" என்று இருந்தது. கடன் கொடுப்பதா வேண்டாமா என்று பேசுவதற்கு முன்னால் கிராம சுகாதார செவிலியருக்குப் போன் போட்டோம். அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் பார்த்தார். ரத்த அழுத்தம் சரி, குழந்தை வளர்ச்சி சரி, தண்ணீரும் போதுமானது. இந்த வாரத்தில் கிரேடு 3 வருவது சகஜம்தான் என்றார். பத்து நாள் கழித்து சுகப்பிரசவம். பெண் குழந்தை.

பிளசென்டா என்பது நம்ம ஊரில் சொல்கிற நஞ்சு, நஞ்சுக்கொடி. பெயர்தான் நஞ்சு; பிள்ளைக்குச் சத்தும் மூச்சுக்காற்றும் அதன் வழியாகத்தான் போகிறது. நிறைமாதத்தில் சுமார் அரை கிலோ இருக்கும். மாதம் ஏற ஏற அதில் சுண்ணாம்புச் சத்து படியும். அது ஸ்கேனில் வெள்ளை வெள்ளையாகத் தெரியும். அதைப் பார்த்து 0, 1, 2, 3 என்று தரம் போடுகிறார்கள். முத்திய கத்தரிக்காய் மாதிரி உதவாமல் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. தலை நரைப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். நரைத்த தலையோடு நாத்து நடுகிறவங்க இந்தக் கூட்டத்திலேயே எத்தனை பேர் இருக்கீங்க!

இந்தத் தரம் வந்த கதையும் கேளுங்கள். 1979-ல் அமெரிக்காவில் கிரானம் என்ற டாக்டரும் அவரோடு இருந்தவர்களும் இதை எழுதினார்கள். கிரேடு 3 வந்தால் குழந்தையின் நுரையீரல் தயாராகிவிட்டது என்று கண்டுபிடிக்கலாம் என்பது அவர்கள் எண்ணம். அதை மட்டும் வைத்து நம்ப முடியாது என்று பிறகு தெரிந்தது. ஆனால் தாளில் எழுதுகிற பழக்கம் மட்டும் நின்றுவிடவில்லை. கிரேடு 3 வராமலேயே நல்லபடியாகப் பெற்றவர்களும் நிறைய உண்டு.

அப்படியென்றால் கண்டுகொள்ள வேண்டாமா? வேண்டும். எத்தனையாவது வாரம் என்பதுதான் கேள்வி. 37 வாரத்துக்குப் பிறகு என்றால், மற்றதெல்லாம் சரியாக இருக்கும்போது பயப்பட ஒன்றுமில்லை. 34 வாரத்துக்கு முன்பே கிரேடு 3 என்றால் டாக்டரிடம் கட்டாயம் காட்ட வேண்டும். தாய்க்கு ரத்த அழுத்தம் இருக்கிறதா, குழந்தை வளர்ச்சி குறைகிறதா, கொடியில் ரத்த ஓட்டம் எப்படி என்று பார்ப்பார்கள். புகை பிடிக்கிற தாய்மாருக்கு இது சீக்கிரமே வருகிறது. நாம் பீடி பிடிப்பதில்லை, சரி. வெற்றிலையோடு புகையிலை போடுகிறோமே? அதுவும் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது.

வாரம் சரியாகத் தெரிய, கடைசியாகத் தீட்டு வந்த முதல் நாள் தெரிய வேண்டும். காலண்டரில் ஒரு வட்டம் போட்டு வையுங்கள். "தீபாவளிக்கு முன்னாடி"ன்னு சொன்னா நர்ஸம்மா எப்படிக் கணக்குப் போடுவாங்க?

இன்னொன்று. நஞ்சில் சுண்ணாம்பு படிகிறது என்று கேட்டுவிட்டு, கொடுத்த கால்சியம் மாத்திரையை டப்பாவில் போட்டு வைத்தவர்களைப் பார்த்தோம். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். சாப்பாட்டில் கால்சியம் குறைவாக உள்ள கர்ப்பிணிகளுக்கு ரத்தக் கொதிப்பு வராமல் இருக்க அது உதவுகிறது.

டாக்டர் ஆபரேஷன் என்று சொன்னால் மறுக்கச் சொல்லவில்லை. காரணத்தைக் கேளுங்கள். "குழந்தை வளர்ச்சி எப்படி இருக்கு? தண்ணி எவ்வளவு? ரத்த ஓட்டம் சரியா?" இதைக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

தாளில் கிரேடு 1 என்று இருக்கிறது, அதனால் ஒன்றும் ஆகாது என்று, பிள்ளை அசைவு குறைந்தும் ரெண்டு நாள் பொறுத்த வீடும் உண்டு. அந்தத் தாயின் துக்கத்தை இங்கே விரித்துச் சொல்ல மனம் வரவில்லை. வழக்கமான அசைவு குறைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, தாங்க முடியாத தலைவலியோ கண் மங்கலோ வந்தாலோ, தாளில் என்ன கிரேடு என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். ராத்திரியானாலும் 108-ஐக் கூப்பிடுங்கள்.

அடுத்த கூட்டத்துக்குச் செவிலியர் வருகிறார். கர்ப்பிணியாக இருக்கிற மகள், மருமகள்களின் ஸ்கேன் தாளையும் தாய் சேய் நல அட்டையையும் எடுத்து வாங்க. படம் மட்டும் போதாது, எழுதியிருக்கிற தாளும் வேணும்.